டிஆர்பி: டிவி முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவது எப்படி?

வியாழக்கிழமை வந்தால் சீரியல் தயாரிப்பாளர்களும் சேனல்காரர்களும் விளம்பர ஏஜென்சிகளும் ஒரே அறிக்கைக்காகக் காத்திருப்பார்கள். முந்தைய சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அன்றுதான் வெளிவரும். இரவு ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடர் திடீரென்று மதியத்துக்குத் தள்ளப்படுவதும், சின்ன வேடமாக வந்தவர் கதையின் நடுவுக்கு வந்துவிடுவதும், முடிந்திருக்க வேண்டிய கதை இன்னும் இரண்டு வருடம் நீள்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான். இதைத்தான் பேச்சுவழக்கில் டிஆர்பி (டெலிவிஷன் ரேட்டிங் பாயின்ட்) என்கிறோம்.

நம் வீட்டில் டிவியைப் போட்டால் அது எங்கோ தானாகப் பதிவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கணக்கு, தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மீட்டர் பொருத்தி எடுப்பது. உங்கள் வீட்டில் மீட்டர் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது இதில் நேரடியாக வராது. உங்களைப் போன்ற வேறொரு வீடு உங்களுக்கும் சேர்த்துப் பேசுகிறது.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது, யார் யாரை எண்ணுகிறார்கள், யார் விட்டுப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் கடந்த ஐம்பது வருடத்தில் நம் வீட்டு டிவி எப்படி மாறியது என்பதும் விளங்கிவிடும். முதலில் மீட்டரையே பார்ப்போம்.

மீட்டர் வீட்டுக்குள்

இந்தியாவில் இப்போது இந்த வேலையைச் செய்வது பார்க் இந்தியா என்ற அமைப்பு. ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள் மூன்று தரப்பும் சேர்ந்து 2010ல் உருவாக்கியது. 2015 ஏப்ரலில் இருந்து அதன் கணக்குகள் வெளிவருகின்றன. அதற்கு முன்பு டாம் என்ற நிறுவனத்தின் எண்கள்தான் புழக்கத்தில் இருந்தன.

மீட்டர் வேலை செய்யும் விதம் இதுதான். சேனல்கள் தங்கள் ஒளிபரப்பின் ஒலிக்குள் ஒரு அடையாளத்தைப் பதித்து அனுப்புகின்றன. மனிதக் காதுக்கு அது கேட்காது, மீட்டருக்குக் கேட்கும். டிவியில் எந்த சேனல், எந்த நேரத்தில் ஓடியது என்று அதை வைத்தே மீட்டர் குறித்துக்கொள்கிறது. கேபிளா, டிடிஎச்சா என்ற கவலை அதற்கு இல்லை.

டிவி ஓடுகிறது என்பது மட்டும் போதாது, அதன் முன்னால் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதற்காக அந்த வீட்டுக்கு ஒரு தனி ரிமோட் கொடுக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன். பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு ஒன்று. உட்காரும்போது அவரவர் பட்டனை அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பாதிக் காட்சியில் எழுந்து ஓடும் அம்மா முதலில் பட்டனை அழுத்திவிட்டுப் போவாரா? எப்போதும் அழுத்துவார் என்று சொல்ல முடியாது. பல கோடி ரூபாய் விளம்பர வியாபாரத்துக்கு அடித்தளமாக இருக்கும் கணக்கு, கடைசியில் இப்படி ஒரு வீட்டு மனிதரின் ஞாபகத்தை நம்பித்தான் இருக்கிறது.

எந்த வீட்டில் மீட்டர் வைப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. நகரமா கிராமமா, எத்தனை பேர், என்ன வசதி என்று பார்ப்பார்கள். வசதியை அளக்கச் சம்பளத்தைக் கேட்பதில்லை. வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார் என்பதும், 11 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியலில் அந்த வீட்டில் எத்தனை இருக்கின்றன என்பதும்தான் அளவுகோல். மின் இணைப்பு, ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், ஏசி எல்லாம் அதில் உண்டு. விவசாய நிலமும் உண்டு.

இனி அந்த எண். 100 பேர் இருக்கிறார்கள், அரை மணி நேரத் தொடர் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் முழுவதும் பார்த்தால் 100 பெருக்கல் 30, மொத்தம் 3,000 நிமிடம். உண்மையில் 20 பேர் முழுதாகப் பார்த்தார்கள், இன்னொரு 20 பேர் பாதியில் வந்து 15 நிமிடம் பார்த்தார்கள். 600 நிமிடமும் 300 நிமிடமும் சேர்ந்து 900. அதை 3,000 நிமிடத்தோடு ஒப்பிட்டால் 30 சதவீதம். ரேட்டிங் 30. எத்தனை பேர் எட்டிப்பார்த்தார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பதும் சேர்ந்ததுதான் ரேட்டிங். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் காட்சியை நிறுத்தி விளம்பரத்துக்குப் போவது ஏன் என்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் சேனலை மாற்றும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கில் குறைகிறது. இன்றைக்குத் தமிழில் ரேட்டிங் 10ஐ ஒட்டி இருந்தாலே அது முதல் வரிசைத் தொடர்.

சரி, இவ்வளவு குறைந்த வீடுகளை வைத்து நாட்டையே கணிக்க முடியுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம், புள்ளியியலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும், மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் பார்க்கக் கூடாது. லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் தொடருக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். கொஞ்சம் பேர் மட்டும் பார்க்கும் செய்தி சேனலுக்கோ இலக்கிய நிகழ்ச்சிக்கோ பொருந்தாது. அங்கே நாலு மீட்டர் வீடுகள் ஊருக்குப் போய்விட்டாலே எண் ஆட்டம் காணும். அந்த நாலு வீடுகளை யாராவது காசு கொடுத்துப் பிடித்துவிட்டால் இன்னும் மோசம். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் இப்படி ஒரு புகாரை விசாரிக்கத் தொடங்கியதும் செய்தி சேனல்களின் ரேட்டிங்கை வெளியிடுவதையே பார்க் நிறுத்திவைத்தது. மறுபடி வெளிவந்தது 2022 மார்ச்சில்தான்.

தெருவே பார்வையாளராக இருந்த காலம்

மீட்டர் எண்ணுவது வீட்டை. ஆனால் தமிழ்நாட்டில் டிவி வந்தபோது அதைப் பார்த்தது வீடு இல்லை, தெரு.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனையாகத் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15ல். டிவி வாங்கும் வசதி சிலருக்குத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. அந்த நேரத்தில் டிவி இருக்கும் வீட்டின் கூடத்தில் பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில், இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். சில ஊர்களில் தலைக்கு நாலணா வாங்கியதும் உண்டு. கிராமத்தில் பஞ்சாயத்து டிவிதான்.

சென்னை ஒளிபரப்பு எட்டாத தென் மாவட்டக் கரையோரங்களில் இன்னொரு கதை. மொட்டை மாடியில் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாஹினி கிடைக்கும். 1982ல் தொடங்கிய அந்த நிலையத்தைத்தான் அங்கே பலர் முதன்முதலில் டிவி என்று பார்த்தார்கள். ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் ‘தெரியுது, தெரியுது, விட்டுரு!’ என்று கத்துவது அந்த வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொடைக்கானல் நிலையம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அந்த நாளில் சாய்ஸ் என்ற பேச்சே இல்லை. இருந்தது ஒரு சேனல். வயலும் வாழ்வும் ஓடினால் விவசாயம் செய்யாதவர்களும் உரத்தைப் பற்றிக் கேட்டார்கள். 1987 ஜனவரி 25ல் தொடங்கிய ராமாயணத் தொடர், இந்தி தெரியாத வீடுகளிலும் ஞாயிறு காலையைப் பிடித்துக்கொண்டது. பார்வையாளர் என்ன நினைக்கிறார் என்று அறிய எதிரொலி நிகழ்ச்சிக்கு வரும் கடிதங்கள் ஒரு வழி. போஸ்ட் கார்டு எழுதும் பழக்கம் உள்ளவருக்குக் குரல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவரை யாரும் எண்ணவில்லை.

ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம் என்று அந்தக் காலத்தை ஏக்கத்தோடு சொல்கிறோம். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்த்துவைத்தது அன்பு மட்டும் இல்லை, தட்டுப்பாடு. பெட்டி ஒன்று, சேனல் ஒன்று, நேரம் ஒன்று. அந்த மூன்றும் ஒவ்வொன்றாகப் பெருகியபோது கூட்டமும் ஒவ்வொரு படியாகக் கலைந்தது. தரையில் யார் உட்கார்ந்தார்கள், நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள், யார் வீட்டுக்குள்ளேயே வர முடியவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. சொந்தமாக ஒரு டிவி வாங்கியது பல குடும்பங்களுக்கு வசதியோடு கௌரவமும் சம்பந்தப்பட்ட விஷயம்.

கேபிள் வந்தது, கடிகாரம் பிரிந்தது

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் ராஜ் டிவி, விஜய் டிவி, ஜெயா டிவி. தெருக்கம்பங்களில் கறுப்பு ஒயர் ஏறியது, மாதம் பிறந்தால் கேபிள்காரர் வாசலில் நின்றார். பழைய டிவிப் பெட்டிகளில் முதல் சில எண்களில் வரும் சேனல்தான் தெளிவாக இருக்கும், பின்னால் இருப்பது புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதனால் முன்வரிசையில் இடம் பிடிக்கச் சேனல்கள் கேபிள்காரர்களுக்கே பணம் கட்டின.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் டிவி ஒன்றுதான், பார்ப்பவர்கள் ஐந்து பேர். கிரிக்கெட்டா, சீரியலா, கார்ட்டூனா? இந்தச் சண்டையைச் சேனல்கள் கடிகாரத்தை வைத்துத் தீர்த்தன. விடியற்காலை பக்தியும் ராசிபலனும், வேலை முடிந்து பெண்கள் கொஞ்சம் உட்காரும் நண்பகலில் தொடர்கள், மதியம் படம், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து மணிவரை எல்லாருக்கும். அந்த எல்லாருக்குமான நேரம்தான் பிரைம் டைம். விளம்பரம் பத்து வினாடி கணக்கில் விற்பனையாகிறது, விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போகக் கூடாது. அந்த 12 நிமிடத்துக்கு அதிக விலை கிடைப்பது பிரைம் டைமில்தான்.

தூர்தர்ஷனில் தொடர் என்றால் வாரம் ஒருநாள், பெரும்பாலும் 13 வாரத்தில் முடிந்துவிடும். தனியார் சேனல்கள் அதைத் தினசரி ஆக்கின. 1999 இறுதியில் வந்த சித்தி அதற்கு வழி காட்டியது. 2003ல் தொடங்கிய கோலங்கள் 2009வரை ஓடி 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. சீரியல் பார்க்கிற பெண்களைக் குறை சொல்லும் பேச்சு அன்றிலிருந்து ஓயவே இல்லை. அது நியாயம் இல்லை என்பது என் கருத்து. சோப்பு, சலவைத்தூள், மசாலா, சமையல் எண்ணெய் விற்பவர்களுக்கு வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுபவர் வேண்டும். அந்த நேரத்தையும் அந்தக் கதையையும் அவரை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு உட்காரும் ஒருவருக்குக் கையில் ரிமோட் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை நான் பறிக்கச் சொல்ல மாட்டேன்.

கதை ஏன் எப்போதும் குடும்பத்தையே சுற்றுகிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரே டிவியின் முன்னால் மாமனாரும் மருமகளும் பத்து வயதுப் பையனும் உட்கார்ந்திருக்கும்போது யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போகிற மாதிரி ஒரு காட்சி வந்துவிடக் கூடாது. எழுந்தால் மூன்று பட்டன்கள் அணைகின்றன. ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்ற வாசகம் அந்தக் கட்டாயத்திலிருந்து வந்தது. எல்லாருக்கும் பொதுவான விஷயம் வீடு. அதனால் கதையும் வீட்டிலேயே நடந்தது.

அப்புறம் சேனல்களே குடும்பத்தைப் பிரித்துக்கொடுக்கத் தொடங்கின. 2001ல் படத்துக்கென்று கேடிவி, 2004ல் பாட்டுக்குச் சன் மியூசிக், 2007ல் பிள்ளைகளுக்குச் சுட்டி டிவி, 2009ல் நகைச்சுவைக்கு ஆதித்யா. ஒரே குழுமம், ஒரே வீடு, ஆளுக்கு ஒரு சேனல்.

எண்ணப்படாத கிராமம்

2006ல் தமிழக அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிதான், ஆனால் அடுத்த ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடி அளவுக்கு வீடுகளுக்குப் போனது. பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த கடைசித் தலைமுறை அத்தோடு முடிந்தது என்று சொல்லலாம். 2011ல் அரசு கேபிள் 70 ரூபாய் மாதக் கட்டணத்துக்கு வந்தபோது டிவி வைத்திருப்பது இன்னும் எளிதானது.

ஆனால் அந்த நாளைய ரேட்டிங் மீட்டர்கள் முக்கியமாக நகரங்களில்தான் இருந்தன. கூலி வேலைக்குப் போய்த் திரும்பி, கால் கழுவிவிட்டு, அரசு கொடுத்த டிவி முன்னால் உட்கார்ந்த பெண்ணின் ரசனைக்குக் கணக்கில் ஏறக்குறைய இடமே இல்லை. கிராமப்புறத்தையும் சேர்த்த கணக்கு வரத் தொடங்கியது 2015 அக்டோபரில். டிவி வீட்டுக்குப் போனதற்கும் அந்த வீடு எண்ணப்பட்டதற்கும் நடுவே இத்தனை வருடங்கள். இந்த இடைவெளிதான் இந்த விஷயத்தில் என்னை ரொம்ப உறுத்துவது. எண்ணப்படாதவருக்காக யாரும் நிகழ்ச்சி தயாரிப்பதில்லை.

கைக்குள் வந்த திரை

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு நடந்தது நாம் எல்லாரும் அறிந்தது, நீட்டி முழக்க வேண்டியதில்லை. பையன் கட்டிலில் யூடியூப், மகள் காதில் மாட்டிக்கொண்டு கொரியத் தொடர், அப்பா போனில் அரசியல் விவாதம். கூடத்தில் டிவி ஓடுகிறது, பாட்டி பார்க்கிறார். அன்று விட்டுப்போன எபிசோடை மறுநாள் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் அம்மா, சீரியல் பார்வையாளர்தான். ஆனால் கூடத்து மீட்டருக்கு அவர் இல்லாதவர். இணையம் வழியாக வரும் ஓடிடி கதைகளில் கெட்ட வார்த்தையும் ரத்தமும் கூடியதற்கும் இதுதான் காரணம்: பக்கத்தில் மாமனார் இல்லை.

2020 ஊரடங்கு ஒரு சின்ன இடைவேளை. படப்பிடிப்பு நின்றுபோய், சேனல்கள் பழைய தொடர்களையே மறுபடி போட்டன, தூர்தர்ஷன் ராமாயணத்தைத் திரும்ப ஒளிபரப்பியது. எல்லாரும் வீட்டில் இருந்ததால் கூடமும் நிறைந்தது. கதவு திறந்ததும் அவரவர் திரைக்குத் திரும்பினார்கள்.

என்றாலும் கூடம் காலியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஐபிஎல் இறுதிப் போட்டி, பொங்கல் தீபாவளிக்குப் போடும் புதுப்படம், பிக் பாஸ் வார இறுதி எபிசோடு என்றால் குடும்பம் இன்னும் கூடுகிறது. இணையத்தோடு இணைந்த ஸ்மார்ட் டிவி வந்த பிறகு யூடியூப்பையே பெரிய திரையில் போட்டு நாலு பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். இதை எண்ணுவதுதான் இப்போது பெரிய சிக்கல். 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை ஜியோசினிமாவில் ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று அறிவித்தார்கள். அந்த மாதிரி எண்ணில் உண்மையில் எண்ணப்படுவது கருவிகள். போன் என்றால் ஏறக்குறைய ஒரு ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் டிவி என்றால் அதன் முன்னால் ஒருவரும் இருக்கலாம், அக்கம்பக்கத்தார் எட்டுப் பேரும் இருக்கலாம். யூடியூப் ‘வியூஸ்’ இன்னொரு ரகம். ரேட்டிங்கில் நிமிடங்கள் கணக்காகின்றன, வியூஸில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பது. இரண்டையும் அருகருகே வைத்து எது பெரியது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

2025 ஜூலையில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ரேட்டிங் விதிகளைத் திருத்த ஒரு வரைவை வெளியிட்டது. நாட்டில் சுமார் 23 கோடி டிவி வீடுகள், மீட்டர்களோ சுமார் 58,000 மட்டுமே என்று அதில் சுட்டிக்காட்டியது. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 4,000 வீடுகள். ஸ்மார்ட் டிவியில் இணையம் வழியாகப் பார்ப்பது இந்த முறையில் சரியாகப் பிடிபடவில்லை என்பதையும் சொல்லி, ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இந்த வேலைக்கு வர வழிவிடலாம் என்று முன்மொழிந்தது.

இனி ‘நாங்கள்தான் நம்பர் 1’ என்று ஒரு சேனல் போஸ்டர் அடித்தால் அதன் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். எந்தச் சந்தை என்று இருக்கும்: தமிழ்நாடு முழுவதுமா, சென்னை மட்டுமா. நகரமும் கிராமமும் சேர்த்தா, நகரம் மட்டுமா. எந்த வயது, ஆணா பெண்ணா, எந்த வாரம், எந்த நேரம். இரவு ஒன்பது மணிக்கு நகரத்து இளைஞர்களிடம் முதலிடம் பெற்ற சேனலும், நாள் முழுவதும் எல்லா வயதினரிடமும் முதலிடம் பெற்ற சேனலும் ஒரே வாரத்தில் ஒரே வாசகத்தைப் பொய் சொல்லாமல் அச்சடிக்க முடியும். அந்தப் பொடி எழுத்தில் ‘15 வயதுக்கு மேல்’ என்று இருந்தால், கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்த எண்ணில் இல்லை.